பத்துப் பாகத் தண்ணீரில் நாற்பது நிமிடம்: முக்குளிப்பு அட்டவணையும் டைவ் கம்ப்யூட்டரும்

கடலூர், புதுச்சேரிக் கரையில் மீனவர்கள் கடலின் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் கயிற்றைப் பிடித்தால் ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மறு கையின் விரல்நுனி வரை வரும் நீளம் ஒரு பாகம். ஏறக்குறைய 6 அடி. பத்துப் பாகம் என்றால் 60 அடி, அதாவது 18 மீட்டரும் சற்றும். புதுச்சேரிக்குக் கிழக்கே முக்குளிப்போர் வழக்கமாக இறங்கும் செயற்கைப் பாறைத்திட்டு ஏறக்குறைய இந்த ஆழத்தில்தான் இருக்கிறது. தொடக்கநிலைப் பயிற்சி முடித்தவருக்குப் பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் அனுமதிக்கும் ஆழமும் இதே 18 மீட்டர்தான். ஆகவே இந்தக் கட்டுரையின் கணக்குகளைப் பெரும்பாலும் பத்துப் பாகத் தண்ணீரை வைத்தே போட்டுப் பார்க்கிறேன்.

அந்த ஆழத்துக்குக் காற்று நிரப்பிய டேங்கைக் கட்டிக்கொண்டு இறங்கும் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், எந்த வேகத்தில் மேலே வரலாம், மறுபடி எப்போது இறங்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இந்த விடைகள் பிளாஸ்டிக் அட்டையில் அச்சிட்ட அட்டவணையில் இருந்தன. இப்போது மணிக்கட்டில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அட்டவணை பழையது, கம்ப்யூட்டர் துல்லியமானது, ஆகவே கம்ப்யூட்டரே பாதுகாப்பானது என்று படகில் பேசிக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சின் முதல் இரண்டு பகுதிகளும் சரியானவை. மூன்றாவது பகுதி அவற்றிலிருந்து தானாக வந்துவிடாது என்பதைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறக்குறைய 79 விழுக்காடு நைட்ரஜன். கடல்மட்டத்தில் உடலின் திசுக்களில் எவ்வளவு நைட்ரஜன் கரைய முடியுமோ அவ்வளவும் பிறந்ததிலிருந்தே கரைந்து நிற்கிறது. அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் மொத்த அழுத்தம் 2.8 மடங்கு, டேங்கின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் அந்த அழுத்தத்திலேயே காற்றைத் தருவதால் நுரையீரலில் நைட்ரஜனின் அழுத்தமும் அதே அளவுக்கு ஏறி, இரத்தத்தின் வழியாகத் திசுக்களுக்குள் கூடுதலாகக் கரையத் தொடங்குகிறது. கீழே இருக்கும் வரை இதனால் வலி கிடையாது. மேலே வரும்போது அழுத்தம் குறைகிறது. கரைந்த நைட்ரஜன் வந்த வழியே மெல்லத் திரும்ப நேரம் கொடுக்காவிட்டால் இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகளாகப் பிரிகிறது. மூட்டுவலி, தோல் தடிப்பு, கைகால் மரத்துப்போதல், சில வேளைகளில் பக்கவாதம் வரை கொண்டுபோகும் இந்த நோயைத்தான் முக்குளிப்போர் பெண்ட்ஸ் என்கிறார்கள்.

இதன் காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர் 1878இல் நிறுவினார். அதற்கு முன்பே பாலங்களின் அடித்தளத்துக்காக அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்த தொழிலாளர்கள் பலர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இந்நோயால் முடங்கி, பிற்பாடு வீட்டிலிருந்தபடியே வேலையை நடத்த வேண்டியதாயிற்று. காரணம் தெரிந்துவிட்டது, எந்த அளவு வரை பாதுகாப்பு என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கைத் தந்தவர் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் வரை ஆடுகளுக்கு நோய் காணவில்லை என்பது அவர் கண்ட முதல் உண்மை. உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதோ விடுவதோ இல்லை என்பது இரண்டாவது. இரத்த ஓட்டம் மிகுந்த பகுதி விரைவில் நிரம்பும், விரைவில் வடியும். கொழுப்பு போன்ற பகுதி மெதுவாக நிரம்பும், மெதுவாகவே வடியும். இதைக் கணக்குக்குள் கொண்டுவர அவர் உடலை 5, 10, 20, 40, 75 நிமிட அரைக்காலம் (பாதி நிரம்பவோ பாதி வடியவோ ஆகும் நேரம்) கொண்ட ஐந்து கற்பனைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார். 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் கடற்படையினர் அவருடைய கணக்கை நம்பி 35 பாகம், அதாவது 210 அடி ஆழம் வரை இறங்கி நலமாகத் திரும்பினார்கள். 1908இல் அந்த ஆய்வு அச்சில் வெளிவந்தது. இன்று நம் கையில் உள்ள பெரும்பாலான அட்டவணைகளும் கம்ப்யூட்டர்களும் அந்த ஆட்டுப்பட்டியின் வழித்தோன்றல்களே.

அரைக்காலம் என்பதைப் பத்துப் பாகத்தில் வைத்துப் பார்ப்போம். கடல்மட்டத்தில் திசுவில் நைட்ரஜனின் அழுத்தம் 0.79 வளிமண்டலம். 18 மீட்டரில் நுரையீரலில் அது 2.21. இடைவெளி 1.42. 40 நிமிட அரைக்காலம் கொண்ட திசு 40 நிமிடத்தில் இந்த இடைவெளியில் பாதியை, அதாவது 0.71ஐக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். 20 நிமிடத் திசு அதே நேரத்தில் முக்கால் பங்கை வாங்கிவிடும். 5 நிமிடத் திசு முற்றாக நிரம்பியே போயிருக்கும். 80 நிமிடத் திசுவோ 0.42 மட்டுமே வாங்கியிருக்கும். மேலே வந்து படகில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் 5 நிமிடத் திசு காலியாகிவிடும்; 40 நிமிடத் திசுவில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிச்சமிருக்கும்; 80 நிமிடத் திசுவில் பத்தில் ஆறு பங்கு அப்படியே நிற்கும். இரண்டாவது முறை இறங்குபவர் முதல் முறை இறங்கிய அதே மனிதர் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அமெரிக்கக் கடற்படை 1957இல் வெளியிட்ட அட்டவணைகள் இந்த மிச்சத்தை எழுத்துகளால் குறித்தன. முதல் முக்குளிப்பு முடிந்ததும் ஓர் எழுத்து கிடைக்கும். மேலே இருக்கும் நேரத்துக்கு ஏற்ப அந்த எழுத்து பின்னோக்கி நகரும். மறுபடி இறங்கும்போது அந்த எழுத்துக்குரிய நிமிடங்களை, ஏற்கெனவே கீழே கழித்ததாகக் கருதிக் கூட்டிக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்காக முக்குளித்தவர்கள் பல ஆண்டுகள் இந்தக் கடற்படை அட்டவணையையே பயன்படுத்தினார்கள். 1988இல் பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பு பொழுதுபோக்கு முக்குளிப்புக்கெனத் தனி அட்டவணையை வெளியிட்டது. கடற்படை அட்டவணை மேல்மட்ட ஓய்வை 120 நிமிடத் திசுவை வைத்துக் கணக்கிட்டிருந்தது; நீண்ட நேரம் ஆழத்தில் வேலை செய்யும் வீரர்களுக்கு அது தேவை. பாடி அட்டவணை 60 நிமிடத் திசுவை எடுத்துக்கொண்டது. கூடவே, இடையில் நிற்காமல் மேலேறத்தக்க நேர எல்லைகளைச் சற்றுக் குறைத்தது. அதன்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 20 மீட்டரில் 45, 30 மீட்டரில் 20, 40 மீட்டரில் வெறும் 9.

அந்த அட்டவணையின் எழுத்துகளை விட்டுவிட்டு, அடிப்படையான 60 நிமிடக் கணக்கை மட்டும் பத்துப் பாகத்துக்குப் போட்டால் விடை இப்படி வருகிறது. 40 நிமிடம் கீழே, ஒரு மணி நேரம் மேலே. மறுபடி அதே ஆழத்துக்கு இறங்கும்போது ஏறக்குறைய 18 நிமிடம் ஏற்கெனவே கழிந்ததற்குச் சமமான நைட்ரஜன் உடலில் இருக்கும். 56இல் எஞ்சுவது 38தான்.

அட்டவணையைப் பயன்படுத்தும் விதிகளில் இரண்டு, இந்தக் கட்டுரையின் மையத்துக்கு நம்மைக் கொண்டுபோகும். ஆழம் இரண்டு வரிசைகளுக்கு இடையில் விழுந்தால் ஆழமான வரிசையை எடுக்க வேண்டும் என்பது முதல் விதி. ஒரே ஒரு கணம் 18.4 மீட்டரைத் தொட்டிருந்தாலும் 20 மீட்டர் வரிசைக்குப் போக வேண்டும்; 56 நிமிடம் 45ஆகச் சுருங்கும். முக்குளிப்பின் முழு நேரத்தையும் மிக ஆழமான இடத்திலேயே கழித்ததாகக் கருத வேண்டும் என்பது இரண்டாவது விதி. உண்மையில் யாரும் அப்படிக் கழிப்பதில்லை. செயற்கைப் பாறைத்திட்டின் அடிவாரத்தில் 15 நிமிடம், அதன் உச்சியை ஒட்டி 12 மீட்டரில் 15 நிமிடம், நங்கூரக் கயிற்றோரம் 8 மீட்டரில் 10 நிமிடம் என்றுதான் ஒரு சாதாரண முக்குளிப்பு போகும். அட்டவணைக்கு இது 18 மீட்டரில் 40 நிமிடம். 40 நிமிடத் திசுவில் 0.71 கூடுதல். படிப்படியாகக் கணக்கிட்டால் அதே திசுவில் உண்மையில் சேர்ந்திருப்பது 0.49 மட்டும். அட்டவணை எழுதிவைப்பதில் பத்துக்கு மூன்று பங்கு மிகை.

டைவ் கம்ப்யூட்டர் இந்த மிகைக் கணக்கை நீக்குவதற்காகவே பிறந்தது. 1959லேயே இத்தாலியில் ஒரு கருவி செய்தார்கள். நுண்துளைகள் கொண்ட பீங்கான் துண்டின் வழியே வாயு மெல்லக் கசிவதை வைத்து, திசுவில் நைட்ரஜன் சேர்வதைப் போலவே முள்ளை நகர்த்திக் காட்டியது அது. எண்ணம் அழகானது, ஆனால் ஒற்றைத் திசுவை மட்டுமே அது பின்பற்றியதால் பெண்ட்ஸைக் கொண்டுவரும் கருவி என்ற பட்டப்பெயரே அதற்கு வாய்த்தது. 1983இல் அமெரிக்காவில் எட்ஜ், சுவிட்சர்லாந்தில் டெக்கோபிரெய்ன் என்ற மின்னணுக் கருவிகள் வந்தன. எட்ஜ் பன்னிரண்டு திசுக்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டது. இன்றைய கருவிகள் பல, சூரிச் நகரின் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் வகுத்த பதினாறு திசுக் கணக்கைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் அரைக்காலங்கள் 4 நிமிடத்திலிருந்து 635 நிமிடம் வரை நீள்கின்றன. கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, ஒவ்வொரு திசுவிலும் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு வடிந்தது என்று கணக்கிட்டு, அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதைத் திரையில் காட்டுகிறது. முக்குளிப்போர் என்.டி.எல். (இடையில் நிற்காமல் மேலேறத்தக்க நேர எல்லை) என்று சொல்லும் எண் அதுதான்.

இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும். அட்டவணையின் மிகைக் கணக்கு அதன் குறை என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்த மிகை முக்குளிப்பவருக்குத் தெரியாமலேயே அவருடைய கணக்கில் சேர்ந்த இருப்பு. கடைக்காரர் எடை போடும்போது கூடுதலாகப் போடும் பிடியைப் போல அது கேட்காமலே வந்தது. கம்ப்யூட்டர் அந்தப் பிடியை எடுத்து, நிமிடங்களாக மாற்றி, நம்மிடமே திருப்பிக் கொடுக்கிறது. அந்த நிமிடங்களை முழுவதும் செலவழித்துவிட்டால், அட்டவணையோடு இறங்கியவர் ஒருபோதும் எட்டாத எல்லைக்கு நாம் மிக அருகில் போய்விடுகிறோம். துல்லியம் கூடியது உண்மை. அந்தத் துல்லியத்தால் இருப்பு குறைந்ததும் உண்மை. கம்ப்யூட்டரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அது சொல்வது கணக்கு. அந்தக் கணக்கில் எவ்வளவு மீதி வைத்து மேலேறுவது என்ற முடிவு, முன்பு அட்டவணை எடுத்த முடிவு, இப்போது நம் கைக்கு வந்திருக்கிறது. அதை யாரும் வகுப்பில் இந்தச் சொற்களில் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்த எல்லையைப் பலர் தங்கள் முதல் ஐம்பது முக்குளிப்புகளில் சந்தித்தே இருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய கவனம் இல்லை, டேங்கின் அளவு. படகுகளில் வழக்கமாகக் கிடைக்கும் அலுமினிய டேங்க் ஏறக்குறைய 11 லிட்டர் கொள்ளளவு கொண்டது. 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பி 50 பாரில் மேலே வருவதென்றால் கையில் இருப்பது 1,650 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடும் புதியவர் 18 மீட்டரில் 56 லிட்டர் செலவழிப்பார். 29 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 56 நிமிட எல்லையை அவர் கண்ணால் பார்க்கவும் வாய்ப்பில்லை. நிதானமாக 12 லிட்டரில் மூச்சுவிடப் பழகியவருக்கு அதே டேங்க் 49 நிமிடம் வரும். புதுச்சேரிக் கடலில் 30 மீட்டருக்கும் கீழே சரியும் பாறைச் சுவரோரம் போனால் புதியவருக்கும் 20 நிமிடம் காற்று வரும். அங்கே நேர எல்லையும் சரியாக 20 நிமிடம். ஆக, பழக்கம் கூடக்கூட, ஆழம் கூடக்கூட, இதுவரை காற்றின் முள் செய்துவந்த காவலை இனிமேல் நைட்ரஜன் கணக்கு செய்தாக வேண்டும். திறமை வளரும் அந்தக் கட்டத்தில்தான் ஆபத்தும் முதன்முறையாகக் கிட்டே வருகிறது.

கம்ப்யூட்டரின் முதல் தேவை, அது ஒரே உடலோடு முதலிலிருந்து கடைசி வரை இருக்க வேண்டும் என்பது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் முதல் முறை மேலேறியதும் என்னுடன் இறங்கியவரின் கருவியில் பேட்டரி தீர்ந்துபோனது. படகில் அன்று இறங்காமல் அமர்ந்திருந்த நண்பர் தம் கருவியைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டாவது முறை கீழே போனபோது, என் திரையில் 22 நிமிடம் என்று காட்டிய அதே ஆழத்தில் அவர் திரை 50க்கும் மேல் காட்டியது. அந்தக் கருவியைப் பொறுத்தவரை அது காலையிலிருந்து படகிலேயே இருந்தது. அவருடைய உடலில் 40 நிமிடம் ஊறியிருந்த நைட்ரஜனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நான் கையைக் காட்டி அவரை மேலே அழைத்து வந்தேன். அட்டவணையைக் கையில் வைத்துப் படிக்கத் தெரிந்திருந்தால், படகிலேயே அந்தக் கணக்கை இரண்டு நிமிடத்தில் போட்டிருக்கலாம். தெரியாத நிலையில், அன்று அவர் இரண்டாவது முறை இறங்காமல் இருந்திருக்க வேண்டும். அதை நானே படகில் சொல்லியிருக்க வேண்டும். இருவருக்கு ஒரு கருவி என்று இறங்குவதும் இதே தவறுதான். இரண்டு மீட்டர் கீழே நீந்தியவரின் கணக்கு மற்றவர் மணிக்கட்டில் ஏறாது.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த கலவை, நிரப்பிய டேங்கைக் கட்டிக்கொண்டு கருவியில் அதைப் பதியாமல் விடுவது, நைட்ராக்ஸ் என்று பதிந்துவிட்டு மறுநாள் சாதாரணக் காற்றோடு இறங்குவது என்று இன்னும் சில உண்டு. இரண்டாவது தவறு கொடியது, ஏனெனில் இல்லாத நிமிடங்களைக் கருவி இருப்பதாகக் காட்டும்.

அட்டவணைக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் தெரிந்தவை ஆழமும் நேரமும் மட்டுமே. திசுக்கள் என்று அவை அழைப்பவை கணிதத்தில் மட்டும் உள்ளவை. என் முழங்காலோ முதுகுத்தண்டோ அவற்றில் எந்த எண்ணிலும் இல்லை. சித்திரை வெயிலில் படகில் இரண்டு மணி நேரம் காய்ந்து, குமட்டலுக்குப் பயந்து தண்ணீரும் குடிக்காமல் இறங்குபவரின் இரத்தம் நீர்வற்றிப் போயிருக்கும். அதைக் கருவி அறியாது. நீரோட்டத்தை எதிர்த்துக் கால் ஓய நீந்தியதையும், மேலே வந்த கையோடு டேங்குகளைத் தூக்கிப் படகேற்றியதையும் அது அறியாது. இதயத்தின் மேலறைகளுக்கு இடையே கருவில் இருந்த சிறு துளை பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழுதும் மூடாமல் இருக்கிறது. நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழிகள் அதன் வழியே நேரே தமனிக்குள் போக முடியும். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. நேர எல்லைக்குள் இருந்தும் பெண்ட்ஸ் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுபோன்றவைதான். எல்லை என்பது மதில் இல்லை. அதை நெருங்க நெருங்க ஆபத்து மெல்ல ஏறுகிறது, அவ்வளவே.

ஒரு செயலில் மட்டும் கம்ப்யூட்டர் அட்டவணையைத் தெளிவாக மிஞ்சுகிறது: மேலேறும் வேகத்தைக் காப்பதில். பழைய கடற்படை அட்டவணைகள் நிமிடத்துக்கு 60 அடி, அதாவது 18 மீட்டர் என்று வைத்திருந்தன. விரைவாக மேலேற விரும்பிய, தவளை வீரர்கள் எனப்பட்ட கடற்படை நீச்சல் வீரர்களுக்கும், கனமான தலைக்கவசத்தோடு மெதுவாகவே இழுக்கப்பட்ட முக்குளிப்பாளர்களுக்கும் இடையே எட்டிய சமரசம் அந்த எண். பிற்பாடு கடற்படையே அதை 30 அடியாகக் குறைத்தது. இன்று நிமிடத்துக்கு 9 மீட்டர் என்பதே பரவலான வழக்கம். அட்டவணை இந்த வேகத்தை எழுதிவைக்கும். நாம் மீறினால் சொல்லாது. அடிமண் கலங்கி, முன்னே நீட்டிய கையே மங்கலாகத் தெரியும் நாட்களில், நாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதையே உணர முடியாத தண்ணீரில், மணிக்கட்டில் ஒலிக்கும் எச்சரிக்கை ஒரு பெருந்துணை. மேலேறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை எண்ணித் தருவதும் அதுதான். வங்கக் கடலின் ஏற்ற இறக்க அலையில் அந்த 5 மீட்டர் நான்காகவும் ஆறாகவும் மாறிக்கொண்டே இருக்கும். கயிற்றைப் பிடித்து நிற்பது நல்லது.

நாள்தோறும் இறங்குபவர்களுக்கும் கம்ப்யூட்டரே ஏற்றது. பாடி அட்டவணை ஆறு மணி நேரம் மேலே இருந்தால் கணக்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பூல்மனின் 635 நிமிடத் திசு வடிய இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். வடகிழக்குப் பருவமழைக்காலம் கழிந்து கடல் தெளியும் மாதங்களில், ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை வாரம் முழுவதும் இறங்கும் வழிகாட்டிகளுக்கு இந்த மெதுவான திசுக்களின் கணக்கு இன்றியமையாதது. அவர்கள் கருவியை ஒருவருக்கும் இரவல் தரக் கூடாது.

புதுச்சேரியில் முக்குளிக்க வருபவர்களில் பெங்களூரைச் சேர்ந்தவர்கள் நிறைய. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இறங்கிவிட்டு, ஞாயிறு மாலை காரில் ஏறி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக நள்ளிரவில் வீடு சேர்வார்கள். விமானம் ஏறக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். பலமுறை இறங்கியபின் 18 மணி நேரமாவது கழிய வேண்டும், ஒரே முறை என்றால் 12 மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை. அந்த அறிவுரை 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகரான அறை அழுத்தத்துக்காக வகுக்கப்பட்டது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் புதுச்சேரியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே காரில் போவதும் இந்தக் கணக்கில் மேலேறுவதுதான். சக்கரம் தரையில் இருப்பதால் உடலுக்கு வேறுபாடு தெரியாது. ஏற்காட்டுக்கோ உதகைக்கோ போகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பல கருவிகள் பறக்காதிருக்க வேண்டிய நேரத்தைத் திரையில் காட்டுகின்றன. அதைக் காருக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஞாயிறன்று காலை ஒரே முறை இறங்கிவிட்டு இரவு தங்கி, திங்கள் விடியலில் புறப்படுவது எளிது. அலுவலகத்தில் அரை நாள் விடுப்புதான் அதன் விலை.

நோயின் அறிகுறிகள் மேலே வந்த உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. சில மணி நேரம் கழித்தும் வரும், வழிப்பயணத்திலும் வரும். தோள்பட்டை வலித்தால் டேங்கைத் தூக்கியதால் வந்த வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொள்ளத் தோன்றும். முக்குளித்த அன்றோ மறுநாளோ வரும் புது வலியையும் மரமரப்பையும் பெண்ட்ஸ் என்றே கொண்டு, தூய ஆக்சிஜன் கொடுத்தபடி மருத்துவரிடம் கொண்டுபோவதுதான் சரி. அழுத்த அறையில் தரும் வழக்கமான சிகிச்சை, 18 மீட்டருக்கு நிகரான அழுத்தத்தில் ஆக்சிஜனோடு தொடங்கி, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நடக்கும். நோய் கொடுத்த அதே பத்துப் பாகத்துக்கு உடலைத் திரும்ப அழைத்துப் போய், அங்கிருந்து பொறுமையாக மேலே கொண்டுவருகிறார்கள்.

நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். முந்தின இரவு அட்டவணையில் இரண்டு முக்குளிப்புகளையும் திட்டமிட்டு, நேரங்களைச் சிலேட்டில் எழுதிக்கொள்கிறேன். தண்ணீருக்குள் கம்ப்யூட்டரைப் பின்பற்றுகிறேன். கருவியின் முன்னெச்சரிக்கை அளவை ஒரு படி கூட்டி வைத்திருக்கிறேன். திரையில் மீதி நிமிடம் பத்துக்கு வந்ததும், கீழே என்ன அழகு இருந்தாலும், ஆழம் குறைந்த இடத்துக்கு ஏறத் தொடங்குகிறேன். அட்டவணை எழுதிய நேரமும் கருவி காட்டும் நேரமும் வெகுவாக விலகினால், ஏன் என்று தெரியும் வரை இறங்குவதில்லை. புதிதாக வருபவரிடம் அட்டவணையை ஒருமுறையாவது பென்சிலால் போட்டுப் பார்க்கச் சொல்வது, திரையில் ஓடும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் விரல்கள் அறியட்டும் என்றுதான்.

இவை எல்லாம் காசு கொடுத்துக் கற்று, காசு கொடுத்துக் கருவி வாங்கக்கூடியவர்களைப் பற்றிய பேச்சு. தெற்கே தூத்துக்குடிப் பக்கம் சங்குகுளிக்கும் தொழிலாளர்கள் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு, பொழுதுக்கும் கடலடியில் நடக்கிறார்கள். குழாயில் காற்று தீராது. எனவே டேங்க் செய்யும் காவலும் அவர்களுக்குக் கிடையாது. ஒரு டைவ் கம்ப்யூட்டரின் விலை அவர்களில் பலருக்குப் பல வார வருமானம். ஆனால் ஆழத்தை அவர்கள் பாகத்தில் அறிவார்கள், ஹால்டேனின் கடற்படையினர் அறிந்ததைப் போலவே. அடிக்கணக்கில் வந்த பாடி அட்டவணையை அப்படியே பாகத்துக்கு மாற்றலாம். பத்துப் பாகம், 55 நிமிடம். பதினைந்து பாகம், 25 நிமிடம். இருபது பாகம், 13 நிமிடம். நாளின் முதல் இறக்கத்துக்கான எல்லைகள் இவை. இரண்டாவது இறக்கத்துக்கு இன்னொரு வரிசை வேண்டும். படகின் உட்பலகையில் பெயிண்டால் எழுதிவைக்க அவ்வளவு இடம் போதும். நேரம் பார்க்க, கம்ப்ரசரைக் கவனிப்பவர் கையில் ஒரு கடிகாரம் இருந்தால் போதும்.